பையில் தடி வைத்துக்கொள்ளலாமா? சென்னையில் ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஒரு ராத்திரி, ஒன்றரை மணி இருக்கும். சோழிங்கநல்லூரில் ஷிப்ட் முடிந்து மேடவாக்கம் பக்கம் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். வாகனச் சோதனை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. "சீட்டைத் திறங்க தம்பி" என்றார் எஸ்.ஐ. திறந்தேன். ரெயின்கோட்டுக்கு அடியில் ஒரு மடக்கு ஸ்டீல் பேட்டன், அதாவது உள்ளுக்குள் மடங்கும் இரும்புத் தடி. அவர் அதை எடுத்து ஒரு உதறு உதறினார். சடக்கென்று மூன்று கணுவும் நீண்டு நின்றது.

"இது எதுக்கு?"

"பாதுகாப்புக்கு சார்."

அந்தப் பதில்தான் என்னை விடியற்காலை ஐந்தரை வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது. பெயர், முகவரி, அப்பா பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதி வாங்கினார்கள். அடுத்த வாரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வழக்கு ஏதும் போடவில்லை, அது என் நல்ல நேரம். வக்கீல் அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் முதலில் கேட்டதே, "பாதுகாப்புக்குன்னு சொன்னியா? நல்லாச் சொன்ன போ" என்பதுதான். ஏன் அப்படிச் சொன்னார் என்பது இரண்டாவது படியில் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. பட்டபின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

பேட்டன் வாங்கும்போது நான் இதை யோசிக்கவே இல்லை. உட்கார்ந்து யோசித்தால் என் பயம் மூன்றுதான். பைக்கில் வந்து செல்போன் பறிப்பவர்கள், தெரு நாய்கள், குடித்துவிட்டு வம்பு இழுப்பவர்கள்.

செல்போன் பறிப்பவன் பின்னாலிருந்து வருகிறான், இரண்டு நொடியில் போய்விடுகிறான். பையில் இருக்கும் தடி அங்கே எதற்கும் உதவாது. அதற்கு மருந்து, ரோட்டோரம் நின்று போனைப் பார்க்காமல் இருப்பதும், பையை வண்டி வரும் பக்கம் மாட்டாமல் கட்டடச் சுவர்ப் பக்கம் மாட்டுவதும்தான்.

நாய்க்குத் தடி உதவும், ஆனால் அடிக்க அல்ல. ஓடாமல் நின்று, தரையில் ஒரு தட்டுத் தட்டினாலே பெரும்பாலும் விலகிவிடும். குடையைச் சட்டென்று விரித்தாலும் பின்வாங்கும். அடித்துக் காலை ஒடித்தால் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 325-ன் கீழ் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. தொல்லை தொடர்ந்தால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும்.

மூன்றாவது ஆளுக்குத்தான் தடியைப் பற்றிய கேள்வியே வருகிறது. அவனிடம் தடியை நீட்டினால் என்ன ஆகும் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

2. எந்தத் தடி ஆயுதம், எது இல்லை

ஆயுதச் சட்டம் 1959-ல் பிரிவு 2(1)(சி) என்று ஒரு விளக்கம் இருக்கிறது. தாக்குவதற்கோ தற்காப்பதற்கோ ஆயுதமாக வடிவமைத்த, அல்லது அப்படி மாற்றியமைத்த எந்தப் பொருளும் ஆயுதம்தான். கவனியுங்கள், தற்காப்பும் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. தற்காப்பு என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். சட்டமோ அதையே ஆயுதத்தின் அடையாளமாக வைத்திருக்கிறது. வக்கீல் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே ஆன பொருள்கள் ஆயுதம் ஆகாது. உதாரணமாகச் சட்டமே சொல்வது லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும். ஆக மூங்கில் கம்பு, தாத்தா ஊன்றும் தடி, மலையேறும் ஊன்றுகோல் இவற்றுக்கு உரிமம் வேண்டாம்.

ஸ்டீல் பேட்டன் கதை வேறு. ஆயுத விதிகள் 2016-ன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையில், வாள், குத்துவாள், ஈட்டி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி இவற்றோடு சேர்த்து, ஸ்டீல் பேட்டனும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. உள்ளே வாள் ஒளிந்திருக்கும் கைத்தடியும் அதே வகை. பரிசாக யாராவது கொடுத்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரிவு 4-ன் கீழ் அரசு அறிவித்த பகுதியில் இந்த வகை ஆயுதத்தை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், பிரிவு 25(1பி)-ன் கீழ் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. "எங்க ஏரியாவுக்கு அந்த அறிவிக்கை இருக்கா சார்?" என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எஸ்.ஐ.யிடம் வாதாட முடியாது. அது கோர்ட்டில் உங்கள் வக்கீல் எழுப்ப வேண்டிய கேள்வி.

விரலில் மாட்டிக் குத்தும் இரும்பு நக்கிள், நுன்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை), சங்கிலி முனையில் குண்டு கட்டியது, பைக் சாவிக்கொத்து மாதிரி விற்கும் முள் வைத்த இரும்பு, இதெல்லாம் மனிதனை அடிப்பதைத் தவிர வேறு வேலைக்கு ஆகாது. தொடாதீர்கள்.

நடுவில் சிலது இருக்கின்றன. காரின் பின் சீட்டில் கிடக்கும் பேஸ்பால் பேட் ஒன்று. சென்னையில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று போலீசுக்கும் தெரியும். பந்தும் கையுறையும் இல்லாமல் பேட் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் உருட்டுக்கட்டை. கிரிக்கெட் மட்டையாவது கிட் பையோடு இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஜாக்கி லிவர் டிக்கியில் ஜாக்கியோடு இருந்தால் அது கருவி. டிரைவர் சீட்டுக்கு அடியில் தனியாக இருந்தால் சந்தேகம்.

3. வாங்கும் முன்: செலவும் பொறியும்

என் பேட்டன் 900 ரூபாய். ஆன்லைனில் வாங்கினேன், மூன்று நாளில் வீட்டுக்கே வந்தது. விற்பனைப் பக்கத்தில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. பில்லும் இருந்தது. ஸ்டேஷனில் அந்தப் பில்லைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். அதில் "செல்ஃப் டிஃபென்ஸ் ஸ்டிக்" என்று அச்சாகியிருந்தது. வாயால் சொன்னது போதாதென்று காகிதத்திலும் கொடுத்த மாதிரி ஆயிற்று. பொருளை வாங்கினீர்கள் என்பதற்குத்தான் பில் சாட்சி, வைத்திருக்கலாம் என்பதற்கு இல்லை.

தரமும் அப்படித்தான். மலிவு பேட்டன் உராய்வில் பூட்டிக்கொள்ளும் வகை. நாலு தடவை நீட்டினால் ஒரு தடவை உள்ளேயே சரிந்துவிடும், அல்லது மடங்காமல் நிற்கும். மடக்க அதைத் தரையில் செங்குத்தாகக் குத்த வேண்டும். அன்று எஸ்.ஐ.யே மூன்று தடவை குத்திப் பார்த்துவிட்டு அப்படியே மேசைமேல் போட்டார்.

பதிலுக்கு இப்போது என்னிடம் இருப்பவை: வளைந்த மரக் கைப்பிடி வைத்த நீளக் குடை 450 ரூபாய், நல்ல வெளிச்சம் அடிக்கும் கை டார்ச் 600 ரூபாய், சாவிக்கொத்தில் ஒரு விசில் 40 ரூபாய். மூன்றுக்கும் வேறு வேலை இருக்கிறது. குடையை எதற்கு வைத்திருக்கிறாய் என்று சென்னையில் எந்த மாதத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள், வெயிலுக்குக்கூடப் பிடிக்கலாம்.

பெப்பர் ஸ்ப்ரே வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அதை அபாயகரமான ஆயுதமாகவே பார்த்தது. டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். காற்று எதிரே அடித்தால் நம் கண்ணில்தான் விழும். கடற்கரைக் காற்றுள்ள ஊர் இது.

4. எடுத்துச் செல்வது: எங்கே செல்லும், எங்கே செல்லாது

மெட்ரோ ஸ்டேஷனில் பை ஸ்கேனருக்குள் போகும். ஆயுதம் என்று தோன்றும் எதையும் அங்கே விடமாட்டார்கள். வயதானவர் ஊன்றி வரும் கைத்தடிக்குப் பிரச்சினை இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பேட்டன், பேட், கம்பு எதுவும் கைப்பையில் போகாது. பெப்பர் ஸ்ப்ரே கைப்பையிலும் போகாது, செக்-இன் பெட்டியிலும் போகாது. உயர் நீதிமன்ற வளாகத்திலும் சோதனை உண்டு. மால், தியேட்டர் வாசலில் தடவிப் பார்ப்பவர் போலீஸ் இல்லைதான், ஆனால் உள்ளே விடாமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது. பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நம்பிப் போகாதீர்கள், எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை.

தேர்தல் காலம், ஊர்வலம், தடை உத்தரவு இருக்கும் நாட்களில் சாதாரணக் கம்புகூட வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) பிரிவு 163, அதாவது பழைய 144, போட்டிருந்தால் உத்தரவின் வாசகத்திலேயே தடி, கம்பு என்று சேர்த்திருப்பார்கள். சாதாரண நாளில் ஆயுதம் அல்லாத தடி அன்றைக்கு உத்தரவை மீறிய தடி ஆகிவிடும்.

சிலம்பக் கம்பு கொண்டுபோகிறவர்கள் துணி உறை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பயிற்சிப் பள்ளி அடையாள அட்டை, கட்டண ரசீது, இல்லாவிட்டால் ஆசான் கையெழுத்திட்ட ஒரு கடிதம் பையில் இருக்கட்டும். நான் இப்போது போகும் சிலம்ப வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் மாநகரப் பேருந்தில் வருகிறார்கள். கண்டக்டர் திட்டுவார், கம்பு கூரையில் இடிப்பதால்.

5. போலீஸ் நிறுத்தினால்

வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கை வெளியே தெரியட்டும். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நீங்களே எடுத்து நீட்டாதீர்கள், "இதில் இருக்கிறது சார், பாருங்கள்" என்று சொல்லித் தள்ளி நில்லுங்கள். இருட்டில் ஒரு இரும்பை உருவினால் எதிரே நிற்பவருக்கும் பயம்தானே.

பொய் சொல்லாதீர்கள். "பாதுகாப்புக்குன்னு சொல்லாதே, வேற ஏதாவது சொல்லு" என்று என் நண்பர்கள் சொன்னார்கள். அது தப்பான யோசனை. நாலு கேள்வியில் பொய் வெளுத்துவிடும், அப்புறம் சந்தேக நபர் என்று வேறு எழுதுவார்கள். உண்மையைச் சொன்னாலும் வம்பு வராத பொருளை மட்டும் வைத்திருங்கள். குடை மழைக்கு, டார்ச் இருட்டுக்கு, கம்பு வகுப்புக்கு. முடிந்தது.

பொருளை எடுத்துக்கொண்டால் பறிமுதல் மகஜரின், அதாவது எதை எடுத்தார்கள் என்று எழுதும் காகிதத்தின், நகலை மரியாதையாகக் கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-ன்படி சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது, அவர்கள் எழுதிய காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னிடம் நகல் கிடையாது. நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள், நகல் மறுத்தால் செல்போனில் ஒரு படமாவது எடுக்க அனுமதி கேளுங்கள்.

கைது என்று சொன்னால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

6. பழகாத தடி எதிரிக்குத்தான் உதவும்

பேட்டன் போன பிறகு வீட்டுப் பக்கம் ஒரு சிலம்ப வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசானிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு குடையைச் சுருட்டி என் தோள்பையில் போட்டு ஜிப்பை மூடினார். ஆறேழு தப்படி தள்ளிப் போய் நின்றார். "நான் வர ஆரம்பிச்சதும் எடுங்க தம்பி" என்றார். ஜிப்பின் நுனியை என் விரல் தேடிப் பிடிப்பதற்குள் அவர் கை என் தோளில் இருந்தது. ஐந்து தடவை செய்தோம். ஐந்தாவது தடவை குடையின் கைப்பிடி வெளியே வந்தது, அதை அவரே பிடித்து இழுத்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர்.

பைக்குள் இருக்கிற தடி, இல்லாத தடிதான். கையில் ஊன்றி வரும் தடி மட்டுமே தடி. அதுவும் எதிரே இருப்பவன் பிடித்துக்கொண்டால் விடத் தெரிய வேண்டும். கம்பை விட்டால் மானம் போய்விடும் என்று பிடித்துத் தொங்குகிறவர்கள்தான் கீழே விழுகிறார்கள்.

எங்கள் இடத்தில் மாதம் 800 ரூபாய், காலை ஆறிலிருந்து ஏழரை, வாரம் மூன்று நாள். மூங்கில் கம்பு 250 ரூபாய், ஆசானே வாங்கித் தந்தார். நின்ற ஆளின் நெற்றி உயரத்துக்கு வெட்டுவார்கள். முதல் இரண்டு மாதம் காலடி மட்டும்தான். சலிப்பாக இருக்கும். ஆனால் யாராவது நெருங்கினால் ஒரு எட்டுப் பின்வாங்கிப் பக்கவாட்டில் நகர்வது இப்போது எனக்குத் தானாக வருகிறது. உண்மையைச் சொன்னால் கம்பைவிட அதுதான் உபயோகமாக இருக்கிறது.

7. அடிக்க நேர்ந்தால் எல்லை எது

தற்காப்பு உரிமை பி.என்.எஸ். பிரிவு 34-லிருந்து 44 வரை இருக்கிறது. நம் உடலுக்கு, பிறர் உடலுக்கு, சொத்துக்கு, மூன்றுக்கும் உண்டு. தாக்குதல் வரப்போகிறது என்று நியாயமாகப் பயப்படும் நொடியில் தொடங்குகிறது, அந்தப் பயம் தீரும் நொடியில் முடிகிறது. தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கணக்கில் சேராது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே கிடையாது.

இதை நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். திருடன் செயினோடு தப்பித்துப் போய்விட்டான். மறுநாள் அவனை டீக்கடையில் பார்த்து நாலு சாத்துச் சாத்தினால் அது தற்காப்பு இல்லை. பிடித்துக் கம்பத்தில் கட்டி ஆளாளுக்குப் போடும் தர்ம அடியும் தற்காப்பு இல்லை. கீழே விழுந்தவனை அடித்த இரண்டாவது அடிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரும்பால் அடித்தால் எலும்பு உடையும். சுண்டுவிரல் எலும்பு முறிந்தாலும், ஒரு பல் விழுந்தாலும் அது சட்டப்படி கொடுங்காயம். அபாயகரமான ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் பிரிவு 118(2), குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஆயுள். கைத்தடிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதால் அடித்தால் இந்தப் பிரிவு வராது என்று எண்ணாதீர்கள், உயிர் போகும்படி அடிக்கக்கூடிய எதுவும் இதில் வரும். தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று காட்டும் சுமையும் சாட்சியச் சட்டப்படி (பி.எஸ்.ஏ. பிரிவு 108) நம் தலையில்தான் விழுகிறது.

8. சம்பவம் நடந்த பிறகு: எந்த நேரத்துக்குள் எந்தக் காகிதம்

உடனே 112. அடித்தவர் நீங்களாக இருந்தாலும் முதலில் கூப்பிட்டவராகவும் நீங்கள் இருங்கள். அழைத்த நேரம் பதிவாகும். ஓடிவிட்டால் எதிராளியின் கதை மட்டும்தான் ஸ்டேஷனில் இருக்கும். பெண்களுக்கு 181, ரயிலில் 139. காவல் உதவி செயலியை இன்றைக்கே போனில் ஏற்றி வையுங்கள்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், காயம் சிராய்ப்பு அளவுதான் என்றாலும். விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பி என்றால் புரியும். யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார் என்று நீங்கள் டாக்டரிடம் சொல்வதுதான் அதில் ஏறும், ஆகவே குழப்பாமல் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் வீக்கம் வடிந்திருக்கும், பதிவும் இருக்காது.

புகாரை எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173 சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். போடவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். மறுநாள் காலையே கடைக்காரரிடம் பேசி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், புகாரிலும் எந்தக் கடை, எந்தக் கேமரா என்று எழுதுங்கள்.

வக்கீலுக்கு நான் ஒரு உட்காரலுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். அந்த வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்கள் வருமானச் சான்று, ஆதார் நகல், புகார் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் இன்னொரு தடவை அலைய வேண்டியிருக்காது.